காகம் எண்ணிய புதன்கிழமை

முதுகு பிடித்துக்கொண்டதால்தான் நான் பறவைகளை எண்ணத் தொடங்கினேன். இயற்கையில் ஈடுபாடு, சிறு வயதிலிருந்தே பறவைப் பிரியம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஒரு சாய்தளத்தில் வழுக்கி விழுந்தேன். ஆறு கிழமை, கிட்டத்தட்ட ஒன்றரை மாதம், வேலைக்குப் போகக் கூடாது, அதிகம் படுக்கவும் கூடாது, நிமிர்ந்த கதிரையில் இருக்கவேண்டும் என்றார் டொக்டர். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் நிமிர்ந்த கதிரை குசினி யன்னலடியில் மட்டுந்தான் இருந்தது.

யன்னலுக்கு வெளியே தோட்டம். தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு சீமெந்துக் கல், கொஞ்சம் புல், மூலையில் தட்டைக் கூரை போட்ட ஒரு ஷெட். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். நூலகத்திலிருந்து மனைவி கொண்டுவந்த துண்டுப் பிரசுரம் ஒன்று மேசையில் கிடந்தது. உங்கள் தோட்டத்துக்கு வரும் பறவைகளைக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் எண்ணி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், படித்தவர் படிக்காதவர் எல்லாரும் சேரலாம் என்று அதில் இருந்தது. எனக்கு வேறு வேலை இல்லை. எழுதிப் போட்டேன். ஒரு கட்டுப் படிவம் வந்தது.

கொட்டகையில் என்னுடைய வேலை, பெட்டியில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது. பதினைந்து வருடம் அதைச் செய்தவனுக்குப் படிவத்தைக் கண்டால் ஒரு மரியாதை வரும். இந்தப் படிவத்தின் சட்டங்கள் எனக்கு உடனே பிடித்துப்போயின. ஒவ்வொரு கிழமையும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம். வந்த பறவைகளைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. ஒரே தடவையில் ஆகக் கூடுதலாக எத்தனையைச் சேர்த்துக் கண்டீர்களோ அதுதான் எண். இல்லாவிட்டால் ஒரே குருவி பத்துத் தரம் வந்து பத்துக் குருவி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஒரு இனம் வரவே இல்லையென்றால் சைபர். அந்தக் கிழமை பார்க்கவே இல்லையென்றால் சைபர் போடக் கூடாது, தாள் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு. கிழமைக்கு ஒரு தாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் அனுப்பவேண்டும். நான் சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை என்று வைத்துக்கொண்டேன்.

எங்களோடு என் அக்கா இருந்தா. அவவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலைநேரம் யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. பிடித்தார்களா, சுட்டார்களா, தானாகவே எங்கேயும் போனாரா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் தேடிய பிறகு நான் அக்காவை இங்கே கூப்பிட்டேன். லண்டனுக்கு வந்தும் தேடல் நிற்கவில்லை. காணாமல்போனவர்களைத் தேடித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் போகும். ஆங்கிலத்தில் நிரப்புவது நான். கடைசியாகக் கண்ட இடம், கடைசியாகக் கண்ட நேரம், உடுத்திருந்த உடுப்பு. ஒவ்வொன்றின் பிரதியையும் அக்கா ஒரு நீலப் பிளாஸ்ரிக் ஃபைலில் போட்டு வைப்பா. அந்த ஃபைல் வருடா வருடம் பருத்துக்கொண்டே போனது.

அக்கா குங்குமத்தை அழிக்கவில்லை. அத்தானுக்குத் திவசம் செய்ததும் இல்லை. தெரியாத்தனமாக அந்தப் பேச்சை எடுத்த ஒரு உறவுக்காரியை அக்கா வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியது எங்கள் சனத்துக்குள் பெரிய கதை.

படிவம் நிரப்பத் தொடங்கிய முதற் சனிக்கிழமையே அக்கா வந்து பின்னால் நின்றா.

"என்ன தம்பி, யன்னலடியில இருந்து எழுதுறாய்?"

"குருவியள் வந்தா எழுதுறன் அக்கா."

"வராட்டி?"

"வராட்டிச் சைபர் எண்டு எழுதுவன்."

"வராததையும் எழுதுறதோ? உனக்கென்ன விசரே?"

"பார்க்காமல் விட்டாக் கோடு. பார்த்துக்கொண்டிருந்தும் வராட்டித்தான் சைபர். ரெண்டும் வேற வேற."

அக்கா போய்ச் சட்டியைக் கழுவத் தொடங்கினா. நான் ஏதோ பெரிய விஞ்ஞானி போலப் பேசிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. யாரிடம் எதைப் பேசினேன் என்று அப்போது உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசி வந்தது. புரட்டாசிச் சனி அக்கா தவறவிடாத விரதம். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து சமைப்பா. எள்ளுப் போட்ட சோற்றைக் காகத்துக்கு வைத்து, காகம் வாய் வைத்த பிறகுதான் தான் சாப்பிடுவா. ஊரில் இதில் ஒரு சிரமமும் இல்லை. சோற்றைக் காணமுன்னமே காகம் வந்து வேலியில் குந்திவிடும். லண்டன் காகத்துக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அக்கா சீமெந்துக் கல்லில் சோற்றை வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பூனையைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். முதல் வருடங்களில் பின்நேரம் நாலு மணி வரைக்கும் அக்கா பட்டினி கிடந்த சனிக்கிழமைகள் உண்டு. இந்த ஊர்க் காகம் உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது. "எல்லாம் அண்டங்காகம். அதுதான் மரியாதை தெரியேல்லை" என்பா.

அந்த வருடம் என்னிடம் தாள்கள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். காகம் வராமல் இல்லை. பன்னிரண்டரைக்குள் ஒன்று அல்லது இரண்டு வந்துதான் இருக்கின்றன. ஆனால் ஒருநாளும் நிலத்தில் இறங்கியதில்லை, ஷெட்டின் கூரையில்தான். ஆள் வெளியே நின்ற நாட்களில் அதுவும் இல்லை.

"அக்கா, கல்லில வைக்காதேங்கோ. ஷெட்டுக்கு மேல வையுங்கோ. வைச்சிட்டு உள்ள வந்து கதவைச் சாத்துங்கோ. கூப்பிடவும் வேண்டாம்."

"கூப்பிடாமல் எப்பிடி வரும்?"

"வரும். நான் எழுதி வைச்சிருக்கிறன்."

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு காகம் வந்தது. கூரை விளிம்பில் நின்று எங்கள் யன்னலை முறைத்துப் பார்த்துவிட்டு ஒரு வாய் எடுத்தது. அக்கா சிரித்துக்கொண்டே போய்ச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தா. நான் நிரப்பிய எத்தனையோ படிவங்களில் அக்காவுக்கு ஒரு பலன் கிடைத்தது அன்றுதான்.

அதன் பிறகு காகங்கள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டன. அடுத்த சனி மூன்று, அதற்கடுத்தது ஐந்து. மறு வருடம் புரட்டாசியில் ஷெட் கூரையில் ஒரே தடவையில் பதினொன்று. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பதினொன்று என்று எழுதி அனுப்பினேன். கிங்ஸ்பரியில் இப்படி ஒரு தோட்டம் யாருக்கு இருக்கிறது என்ற எண்ணம்.

இரண்டு கிழமையில் தொலைபேசி வந்தது. எங்கள் பகுதித் தாள்களைச் சரிபார்த்து அனுப்புகிற ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. வந்து பார்க்கலாமா என்று கேட்டா. பாராட்டத்தான் வருகிறா என்று நினைத்து மனைவியிடம் வடை சுடச் சொன்னேன்.

வந்தவ வடையைச் சாப்பிட்டா, நல்லாயிருக்கிறது என்றா. பிறகு என் தாள்களை மேசையில் வரிசையாக வைத்தா. வருடத்தில் ஐந்து கிழமை மட்டும் காகத்தின் எண் ஏறுகிறது. அதே ஐந்து கிழமையும் சிட்டுக்குருவி சைபர், ரொபின் சைபர். ஆறாவது கிழமை எல்லாம் பழையபடி. "உங்கள் தோட்டத்தில் அந்த நாட்களில் என்ன நடக்கிறது?" என்று ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சரக்குக் கொட்டகையில் ஒரு பெட்டி பிசகவிட்டவன் இல்லை நான். "நான் கண்டதைத்தான் எழுதினேன். பதினொன்றைப் பத்து என்றுகூட எழுதவில்லை" என்றேன்.

"நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காகங்கள் உங்கள் தோட்டத்துக்கு வரவில்லை, யாரோ வைத்ததுக்கு வந்திருக்கின்றன" என்றா அவ.

அப்போது அக்கா தேத்தண்ணியோடு வந்தா. நான் விரதத்தை விளங்கப்படுத்தினேன். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கேயோ வாசித்திருப்பா போல, "இறந்துபோனவர்களுக்காகவும் காகத்துக்கு வைப்பீர்கள் இல்லையா?" என்று நேராக அக்காவைப் பார்த்துக் கேட்டா. அவவிடம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

அக்காவின் ஆங்கிலம் குறைவு. ஆனால் அது விளங்கிவிட்டது. தட்டை வைத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னா: "இது சனிக்கு. இந்த வீட்டில் யாரும் சாகவில்லை."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டா. அந்த அம்மா என்னைப் பார்த்தா. நான் அத்தானைப் பற்றிச் சொன்னேன்.

போகும்போது அந்த அம்மா ஒரு தீர்வும் சொன்னா. அக்கா எதையும் நிறுத்தவேண்டாம், எண்ணுகிற நாளை மாற்றினால் போதும். எப்போதாவது எண்ணும் நேரத்தில் சாப்பாடு வைக்க நேர்ந்தால், தாளின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் காரணத்தை எழுதினால் அவ அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைப்பா. நான் இதையெல்லாம் அக்காவுக்கும் சொல்லிவிட்டுப் புதன்கிழமைக்கு மாறினேன். புதனில் எனக்குப் பின்நேரம் மூன்று மணிக்குத்தான் ஷிப்ட். அதே பன்னிரண்டு, அதே ஒரு மணி.

புதன்கிழமைத் தோட்டம் வேறு தோட்டம். சிட்டுக்குருவிகள் வேலிக்குள் இருந்து சண்டை பிடிக்கும். கறுப்பும் வெள்ளையுமான மாக்பை ஒன்று எதையோ களவெடுக்க வந்தவன் மாதிரி நடந்து திரியும். சில வருடங்களில் பச்சைக் கிளிகள் வரத் தொடங்கின. அவற்றைக் கண்டு மனைவி கையெடுத்துக் கும்பிட்டது ஒரு கூத்து. காகம் பெரும்பாலும் ஒன்று, சில நாள் சைபர். குறிப்புப் பெட்டி காலியாகவே இருந்தது. சனிக்கிழமைகளை நான் அக்காவுக்கும் காகத்துக்கும் விட்டுவிட்டேன்.

எண்ணுவது எனக்கு ஒன்றைப் பழக்கியது. வரும் என்று எதிர்பார்த்திருக்கிற பறவை வராதபோது, 'ஒருவேளை வந்திருக்கும், நான் கவனிக்கவில்லை' என்று மனம் சொல்லும். ஒன்று என்று போட்டுவிடலாமா என்று கை துடிக்கும். ஒரு மணித்தியாலம் கண்கொட்டாமல் பார்த்த பிறகு சைபர் எழுதுவது லேசான காரியம் இல்லை. புளூ டிட் என்கிற ஒரு சின்னக் குருவிக்கே எனக்கு இந்தப் பாடு. அக்காவின் பாட்டை நான் அந்த யன்னலடியில் இருந்துதான் கொஞ்சமாவது விளங்கிக்கொண்டேன். அவவிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

பிறகு ஊரில் போர் முடிந்தது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவே இல்லை. அத்தான் வன்னிக்குள் எங்கேயோ இருக்கிறார், வெளியே வர வழியில்லாமல் இருக்கிறார் என்பது அக்கா அத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை. இப்போது வன்னியில் இருந்த சனமெல்லாம் முகாம்களுக்கு வந்துவிட்டது. முகாமில் இருந்த சொந்தக்காரரிடம் சொல்லி விசாரித்தோம். பெயர்ப் பட்டியல்கள் வந்தன. நான் விரலை வைத்து வாசிக்க, அக்கா பக்கத்தில் இருந்து கேட்பா. பட்டியல் முடிந்ததும், "இன்னொருக்கா மேலயிருந்து வாசி" என்பா. வாசிப்பேன். அத்தானின் பெயர் எதிலும் இல்லை. அவரைக் கண்டதாகச் சொல்லவும் ஒருவர் இல்லை.

ஒருநாள் கோயிலில் அக்கா ஐயரோடு தனியாகக் கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். என்ன கதை என்று வீட்டில் கேட்டதற்கு, "ஒண்டுமில்லை" என்றா. மனைவிக்கு மட்டும் சொல்லியிருக்கிறா. இறந்த நாள் தெரியாவிட்டால் ஆடி அமாவாசையை எடுக்கலாம் என்று ஐயர் சொன்னாராம்.

அந்த வருடம் ஆடி அமாவாசை எங்களுக்குப் புதன்கிழமை வந்தது.

காலையிலிருந்து குசினி அக்காவின் கையில். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பயத்தம் பருப்பு, வாழைக்காய், மோர் மிளகாய். எல்லாம் அத்தானுக்குப் பிடித்த சாமான்கள். பன்னிரண்டு அடித்தது. நான் கதிரையைப் போட்டு, தாளில் திகதியை எழுதிவிட்டு இருந்தேன். எப்படியும் ஒரு மணிக்குப் பிறகுதான் வைப்பா என்று நினைத்தேன். பன்னிரண்டே காலுக்கு அக்கா வாழையிலைத் துண்டில் படைத்த சோற்றோடு பின்கதவடிக்கு வந்தா. நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

நான் சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"அக்கா, இது நான் எண்ணுற நேரம்."

"தெரியும். அதுக்காகத்தான் இப்ப கொண்டு வந்தனான்."

ஷெட் கூரையில் இலையை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினா. கூப்பிடவில்லை. என் கதிரைக்குப் பின்னால் நின்றா. இருக்கச் சொன்னேன், மாட்டேன் என்றா.

குருவிகள் ஐந்து. புறா இரண்டு. மாக்பை ஒன்று வேலியில் வந்து இலையைப் பார்த்தது. நான் யன்னல் கண்ணாடியைத் தட்டி அதைக் கலைத்தேன். எண்ணுகிறவன் அப்படிச் செய்யவே கூடாது. பன்னிரண்டரை ஆனது. முக்கால் ஆனது. காகங்களுக்குப் பழக்கம் புரட்டாசிச் சனி. ஆடியில், புதனில், அவற்றுக்கு இங்கே என்ன அலுவல்? சோற்றின் மேல் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. அக்காவின் மூச்சு என் தலைக்கு மேலே கேட்டது. அவ இரண்டு பயத்தோடும் நிற்கிறா என்று எனக்கு விளங்கியது. காகம் வந்தால் அத்தான் இல்லை. வராவிட்டாலோ, பார்த்துக்கொண்டிருந்தும் வரவில்லை என்று தம்பி சைபர் எழுதிவிடுவானே என்ற பயம்.

"ஒரு மணி ஆச்சோ தம்பி?"

சுவர் மணிக்கூடு அவவின் முதுகுப் பக்கம் இருந்தது. என் கைக்கடிகாரத்தில் ஒன்று ஏழு.

"இன்னும் ஆகேல்லை அக்கா."

ஒன்று பதினொன்றுக்கு ஒரு காகம் அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து இறங்கியது. முழுக் கறுப்பு. ஷெட் விளிம்பில் நின்றது. இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தது. கத்தரிக்காயை விட்டுவிட்டுச் சோற்றில் ஒரு வாய் எடுத்தது. பிறகு கத்தரிக்காயையும் எடுத்தது.

அக்கா என் தோளைப் பிடித்தா. அழுகிறா என்று நினைத்தேன், அழவில்லை.

"எழுது."

காகத்துக்கு நேரே ஒன்று என்று எழுதினேன்.

"குறிப்பு எண்டு ஒரு பெட்டி இருக்கெல்லே? அந்த மனுசி அண்டைக்குச் சொன்னவ."

"ஓம்."

"அதில அவற்ற பேரை எழுது. தமிழில எழுது. முழுப் பேரும்."

எழுதினேன். எத்தனையோ விண்ணப்பங்களில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர். தமிழில் எழுதியது அதுதான் முதல் தடவை. அக்கா தாளை வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்தா. மேலே போய் நீல ஃபைலை எடுத்து வந்து, எல்லா விண்ணப்பங்களுக்கும் பின்னால், கடைசியாக அதை வைத்தா. ஃபைலின் பட்டனை அமத்தினா. "கை கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்" என்றா. நானும் மனைவியும் அக்காவும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். ஷிப்டுக்கு முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனேன்.

அந்த மூன்று மாதத் தாள்களை அனுப்பும்போது ஒரு கிழமை குறைந்தது. ஒரு புதுத் தாளை எடுத்து அந்தப் புதன்கிழமையின் திகதியை எழுதினேன். ஒன்று என்றும் போடவில்லை, சைபர் என்றும் போடவில்லை. மேலிருந்து கீழே குறுக்காக ஒரு கோடு கீறினேன். அன்றைக்கு இந்த யன்னலடியில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். இத்தனை வருடக் கணக்கில் நான் எழுதி அனுப்பிய ஒரேயொரு பொய் அதுதான்.